“வலை சின்னதா இருந்தா என்ன மேடம்?”

குடலிறக்க ஆபரேஷன் செய்கிற சர்ஜனுக்குக் கத்தியைவிட நாக்குதான் அதிகம் தேய்கிறது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தின் சின்ன ஆஸ்பத்திரிகளில் இதே வேலை பார்க்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொடை இடுக்கில் தசை பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கும். அதை உள்ளே தள்ளிவிட்டு ஒரு வலையை வைத்துத் தைக்கிறோம். ஓட்டையைத் தாண்டி நாலாபக்கமும் வலை போக வேண்டும். உடம்புக்குள் அது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.

ஓட்டைக்கு ஏற்ற ஒட்டு

ஆபரேஷனுக்கு வந்த ஒருவர் முடிச்சூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஓட்டை சின்னதுதான் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் வலையை எடுத்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. பெரிய சரக்கை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேனாம். படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இன்னா டாக்டரம்மா, ஆணி குத்துன ஓட்டைக்கு டயர் சைஸுக்கா ஒட்டு போடுவாங்க?”

உள்ளே யார் பார்ப்பது

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடும் முன் வலைப் பெட்டியைப் பார்த்துவிடுவது என் வழக்கம். அன்று பார்த்தால், நான் கேட்ட அளவில் பாதிதான் இருந்தது வலை. நோயாளி செம்பாக்கத்துப் பெரியவர், பட்டினியோடு மேஜையில் படுத்திருந்தார். சரியான அளவு வலை பல்லாவரத்துக் கடையில் இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை, சந்தை நெரிசல். வந்துசேர மதியமாகிவிடும்.

காத்திருப்போம் என்று கையுறையைக் கழற்றி வீசினேன். பெரியவரிடம் நானே போய்க் காரணம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டவர் ஆஸ்பத்திரி மேனேஜர்தான். தியேட்டர் சும்மா கிடக்கிறதாம். கடைசியில் வழியும் அவரே சொன்னார்: “இதுலயே ரெண்டு எடுத்து ஒட்டித் தைச்சிடுங்க மேடம், உள்ள யார் பார்க்கப் போறாங்க?”

நல்லாத்தான் இருக்கார்

உள்ளே யார் பார்ப்பது என்றாரே, நான் பார்த்தேன். பல்லாவரத்தில் தோல் பைக் கடை நடத்தும் பாய் ஒருவருக்கு வேறிடத்தில் ஆபரேஷன் ஆகி, அதே பக்கம் மறுபடி வீங்கியிருந்தது. “கடையில மூட்டை தூக்கிட்டேன், என் தப்புதான் டாக்டர்” என்று வீட்டம்மா எதிரில் தலைகுனிந்தார்.

திறந்து பார்த்தால், பழைய வலை இடுப்பெலும்புவரை எட்டவே இல்லை. விட்டுப்போன அந்த ஓரத்தில் குடல் வழி பிடித்திருந்தது. தழும்பு இறுகிய இடத்தில், விதைக்குப் போகும் ரத்தக்குழாய் அறுந்துவிடாமல் பிரித்தெடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. புது வலையைச் சரியான அளவில் வைத்து முடித்தேன். மறுநாள், தப்பு அவருடையது இல்லை என்று வீட்டம்மா கேட்கவே சொன்னேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன்னால் ஆபரேஷன் செய்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். போனில் கூப்பிட்டு, ஏன் அவ்வளவு சின்ன வலை வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் குரலில் துளி பதற்றம் இல்லை: “என் பேஷன்ட் யாரும் திரும்பி வந்ததே இல்லையே மேடம், அப்போ எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?”

ஒரு வலையை வைத்துத் தைக்க எனக்கு ஆகும் நேரத்தைவிட, அது ஏன் இந்த அளவு என்று சண்டை போட ஆகும் நேரம் எப்போதும் அதிகம்.