முகத்தில் அடிக்காத வெளிச்சம்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கிறிஸ்துதாஸ் சார் போன நாளிலிருந்து நம் புகைப்படக் குழுவின் பேஸ்புக் பக்கத்தில் வருவதையெல்லாம் படித்துவிட்டேன். பூங்கொத்துகள், கைகூப்பிய பொம்மைகள், 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவர் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். திருத்த அவர் இல்லை. சரித்திரம் படித்தவனுக்கு இது புதிதில்லை. உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர் வாயில் தங்கள் சொல்லைப் போடுவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. இம்முறை பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரத்துக்கு வரும் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் போனில் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு கல்யாணம், ஒரு பிறந்தநாள் கேக், அடுத்து மாலை போட்ட தாஸ் சார். விரல் நிற்கவில்லை, ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டது. நான் அவர் தோளைத் தொட்டு, "கொஞ்சம் பின்னால போங்க" என்றேன். அவர் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு முறைத்தார். "அதுல உள்ளவரு எனக்குத் தெரிஞ்சவரு" என்றேன். காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சுவலி என்று போட்டிருந்தது.

"வேண்டப்பட்டவரா?" என்று கேட்டார்.

"கூட வேலை பாத்தவரு" என்றேன். வேறு எந்தச் சொல்லும் அந்த நேரத்தில் எனக்கு உரிமையானதாகத் தெரியவில்லை.

புதிதாகக் குழுவுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கருங்கல் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் இயற்பியல், நான் வரலாறு. ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் காமிராப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசகசாலை அறையில் கூடத் தொடங்கியவர்களில் நாங்களும் உண்டு. ஸ்டூடியோவும் காமிராக் கடையும் வைத்திருந்த ஒருவர் செயலாளர் ஆனார். இன்றும் அவரே.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முதல் காமிரா வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்குள் எடுத்தால் எல்லாம் இருட்டாக இருக்கிறது, எந்த பிளாஷ் வாங்கலாம் என்று கேட்டார்.

செயலாளர் சொன்னார்: "காமிரா எந்தக் கம்பெனியோ, பிளாஷும் அந்தக் கம்பெனி. மத்ததெல்லாம் தீவாளிப் பட்டாசு." எல்லோரும் சிரித்தார்கள்.

"பட்டாசு ஒருக்கத்தானே வெடிக்கும்" என்றார் தாஸ் சார். "நான் வச்சிருக்கது அஞ்சாறு வருசமா வெடிக்குது வே!" பிறகு என்னைப் பார்த்தார். "சாரே, இங்க வாரும். உம்ம தலை வேணும்."

என் தலை அப்போதே முழு வழுக்கை. சுவரோரம் உட்காரவைத்து பிளாஷை நேரே என் முகத்தில் அடித்தார். அடுத்து பிளாஷின் தலையை நிமிர்த்தி, தலைக்கு மேலே வெள்ளையடித்த மச்சைப் பார்த்து அடித்தார். காமிரா கைக்குக் கை போயிற்று. முதல் படத்தில் என் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, பின்சுவரில் கறுப்பாக இன்னொரு ஆள். இரண்டாவதில் எனக்குக் கன்னமும் மூக்கும் கண்ணும் இருந்தன.

"மொதல்ல உள்ளது ஆதாருக்கு, இது பெண்ணு பாக்கப் போகதுக்கு" என்றார். "உம்ம தலை உள்ளதுவரை எனக்கு வேற டெஸ்ட் வேண்டாம், கேட்டேரா."

நான் சிரிக்கவில்லை. தபால்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரிடம் தாஸ் சார் சொன்னது இவ்வளவுதான்: "தலை மேலயும் பக்கத்துலயும் திரும்பணும். வெளிச்சத்தக் கையால கூட்டவும் கொறைக்கவும் பட்டன் வேணும். பெட்டிக்கடையில கிடைக்க பென்சில் செல்லு போடணும். இது மூணும் உண்டுண்ணா கம்பெனி பேரு எதுக்காக்கும்? பேரு படத்துல விழாது."

வெளிச்சத்தைத் தானே அளந்து அடிக்கும் தானியங்கி பிளாஷை அவர் வேண்டாம் என்றதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பின்னால் ஓடி ஓடி எடுக்கிறவருக்கு அது வேண்டும் என்பார். படிக்கிறவர் கையால் கூட்டிக் குறைத்துப் பார்த்தால்தான் வெளிச்சம் என்ன செய்கிறது என்று தெரியும் என்பார்.

பேச்சிப்பாறைக்கு ஒருமுறை போயிருந்தோம். உச்சிவெயிலில் அணைக்கட்டின் மேல் நாம் எல்லோரும் தொப்பியோடு நின்றோம். தாஸ் சார் பிளாஷைச் செருகினார். "பட்டப்பகல்ல எதுக்கு ஓய் வெளக்கு?" என்றேன். "வெயிலுதான் சாரே இருட்ட உண்டாக்குகது. எல்லாவனுக்கும் கண்ணு இருக்க எடத்துல குழியாக்கும்" என்றார். அந்தப் படம் இன்றும் குழுவின் முகப்பில் இருக்கிறது. தொப்பிக்குக் கீழே ஒவ்வொருவர் கண்ணும் தெரிகிறது. எடுத்தவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. மேற்கே, கருங்கல் பக்கம், சாவு வீட்டில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தார் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வளைகுடாவிலிருந்து வந்துசேர முடியாத பிள்ளைகளுக்கு அதுதான் கடைசிப் பார்வை. தாஸ் சார் தன் பங்குக் கோயில் ஆட்களுக்கு இந்தப் படங்களை எடுத்துக் கொடுப்பார். பிளாஷை ஒருநாளும் நேரே அடிக்கமாட்டார். "அழுது வீங்கின முகமாக்கும் சாரே. அதுல போயி வெளிச்சத்தக் கொண்டு அறையவா?" என்பார். நான் பார்த்தவற்றில் மிக நல்ல உருவப்படங்கள் அவை. வீட்டார் சம்மதத்தோடு சிலவற்றை நம் கண்காட்சிக்குக் கொடுத்தார். செயலாளர் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் 'பெட்டிப் படக்காரர்' என்றார். சிரித்தது யார் யார் என்று எனக்கு இன்றும் தெரியும்.

நான் குழுவின் வாட்ஸாப்பில் செயலாளருக்கு எழுத வேண்டியதை எழுதினேன். மறுநாள் காலையில் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். தாஸ் சாரும் விலகுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். கருங்கல் சந்தை முக்கில் சாயா குடிக்கும்போது கேட்டேன்.

"வெக்கமில்லியா ஓய்? உம்மப் பெட்டிப் படக்காரன்னு சொன்னவன்கூட இருந்து எப்படி சாயா குடிக்கேரு?"

"உள்ளதுதானே சாரே. பெட்டியத்தானே எடுத்தேன்."

"நான் உமக்காகச் சண்டை போட்டேன்."

"அது எனக்கு மறக்காது. ஆனா நான் போடச் சொன்னனா?" என்றவர், ஒரு வாய் சாயா குடித்துவிட்டுச் சொன்னார்: "புதுசா காமிரா வாங்குகவன் அங்கயாக்கும் வந்து கேக்கது. நானும் எறங்கிட்டா அவியளுக்கு யாரு சொல்லுகது?"

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த ஆண்டு மாறுதல் வாங்கிக்கொண்டு சுசீந்திரம் பக்கம் வந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் அவரிடமிருந்து செய்தி வரும். பார்ப்பேன், பதில் போடமாட்டேன். நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஒருவனுக்காக எல்லோரையும் பகைத்துக்கொண்டு வெளியே வந்தால், அவனும் கூட வருவான் என்று எதிர்பார்ப்பது பெரிய ஆசை இல்லை. அவர் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு நண்பர்களும் வாய்க்கவில்லை. படம் எடுத்தால் காட்ட ஆளில்லை என்பதால் எடுப்பதும் நின்றது. காமிரா அலமாரியில் இருக்கிறது. லென்ஸுக்குள் மழைக்காலப் பூஞ்சை நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். நாற்காலிகளின் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றேன். தெரிந்த முகங்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தன. பெட்டியை மூடும் நேரம் வந்தது. மகள் தோஹாவில்; டிக்கெட் கிடைக்கவில்லை. அவளுக்காகக் குடும்பத்தார் சுற்றி நின்றார்கள். செயலாளரின் ஸ்டூடியோவிலிருந்து வந்த படக்காரர் பெரிய பிளாஷை நேரே நீட்டினார்.

தாஸ் சாரின் மனைவி ரெஜினா டீச்சர் தலையை உயர்த்தாமலே சொன்னார்: "தம்பி, நேர அடிக்காத. அவரு சம்மதிக்கமாட்டாரு."

படக்காரர் பிளாஷின் தலையை நிமிர்த்தி மேலே அடித்தார். காமிராவைப் பார்த்துவிட்டுத் திகைத்தார். "டீச்சரே, மேல பந்தல்துணி செவப்பு. எல்லாரும் செவந்துல்லா போறீங்க."

"உள்ள அலமாரியில அவருக்க வேட்டி இருக்கும். வெள்ளையில பட்டா சரியாவும்" என்றார். யாரோ ஓடிப்போய் ஒரு இரட்டை வேட்டியைக் கொண்டுவந்தார்கள். அதைப் பெட்டிக்கு மேலே உயர்த்திப் பிடிக்க நெட்டையான ஆட்கள் வேண்டும். ஒரு முனையைச் செயலாளர் வாங்கிக்கொண்டார். டீச்சர் சுற்றிப் பார்த்தார். "சாரே, அங்க எதுக்கு நிக்கிய? வாருங்க, பிடியுங்க" என்றார், என்னைப் பார்த்து.

போய்ப் பிடித்தேன். நானும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் கையை உயர்த்திக்கொண்டு, நடுவில் தாஸ் சார். வெளிச்சம் வேட்டியில் பட்டு இறங்கிப் பரவியது. டீச்சரின் முகத்தில், தம்பிமார் முகத்தில், அவர் முகத்தில், ஒன்றுபோல. படக்காரர் காமிராவைப் பார்த்துத் தலையசைத்தார். இரட்டை வேட்டியை ஒருவராக மடிக்க முடியாது. முனைகளைச் சேர்க்கும்போது என் கையும் செயலாளர் கையும் தொட்டுக்கொண்டன. அவர் கை நடுங்கியது என்று எழுதினால் இந்த அஞ்சலி அழகாக இருக்கும். நடுங்கவில்லை. என் கையும்தான். மடித்துக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் செயலாளரின் அஞ்சலி வந்தது. "காமிராக் கம்பெனியின் பிளாஷ் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்று புதியவர்களை ஓயாமல் எச்சரித்த வழிகாட்டி." அதற்குக் கீழே அவர் கடைப் பெயர். அவ்வளவு நேரம் அந்த வேட்டியைப் பிடித்திருந்த மனிதர் இதை எழுதியிருக்கிறார். உங்களில் நிறையப் பேர் கைகூப்பியிருக்கிறீர்கள். ஒருவருக்கும் தாஸ் சார் என்ன சொல்வார் என்று நினைவில்லையா, அல்லது நினைவிருந்தும் சும்மா இருக்கிறீர்களா?

அந்தக் கைகூப்பல்களுக்கு நடுவே ஒரு பெண் எழுதியிருக்கிறார். பழைய காமிரா ஒன்று கைக்கு வந்திருக்கிறதாம். பக்கத்துப் பங்குக் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளைப் படமெடுக்கக் கேட்டிருக்கிறார்களாம். "கம்பெனி பிளாஷ் வாங்க எனக்கு வழியில்லை. தாஸ் சாரிடம் கேட்கலாம் என்று இருந்தேன். அப்படியென்றால் நான் இந்த வேலையை ஒத்துக்கொள்ள வேண்டாமா?" இன்றுவரை அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒத்துக்கொள்ளுங்கள், அம்மா. உங்கள் காமிராவில் பொருந்துகிற, விலை குறைந்த, கையால் இயக்கும் பிளாஷ் போதும். தலை மேலும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பென்சில் செல்கள் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், நம் கடற்காற்றில் செல் தொடும் பித்தளைத் தகடு பச்சையாகிவிடும். யாராவது மிகப் பழைய பிளாஷை இலவசமாகத் தந்தால் அவசரப்பட்டுச் செருகவேண்டாம். சிலவற்றின் மின்னழுத்தம் புதுக் காமிராவைக் கெடுத்துவிடும். கோயில் கூரை உயரம், அங்கே மேலே அடித்தால் வெளிச்சம் திரும்பி வராது. பிள்ளைகளை ஒரு வெள்ளைச் சுவர் ஓரமாக நிறுத்தி, பிளாஷைச் சுவருக்குத் திருப்புங்கள். சுவர் இல்லையென்றால் இரண்டு பேரிடம் ஒரு வேட்டியைக் கொடுங்கள். அந்த இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. இதில் என் சரக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கிறிஸ்துதாஸ் சார் சொன்னது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், வீடோ வங்கியோ ஆஸ்பத்திரியோ, முதலில் மேலே பார்க்கிறேன். மச்சு வெள்ளையா, எவ்வளவு உயரம், வெளிச்சம் எங்கே பட்டு எங்கே இறங்கும். பக்கத்தில் யாரும் இல்லாததால் யாரிடமும் சொல்வதில்லை. இந்த வீட்டில் நான் தனியாகப் படுத்திருக்கும் அறையின் மச்சும் வெள்ளைதான்.

இதன் அடியில் முதலில் என் பெயரைத்தான் எழுதினேன். வாட்ஸாப்பில் நீக்கியவர்கள் இங்கே பேஸ்புக்கில் நீக்க மறந்திருக்கிறார்கள்; பெயரை மறைத்துப் பதியவும் இங்கே வழி உண்டு. பெயரோடு போட்டால் செயலாளர் வருவார், நான் விடமாட்டேன், அவருடைய ஆட்கள் வருவார்கள், பழைய கதை முழுதும் வரும். அந்தப் பெண்ணின் கேள்வி அதற்கெல்லாம் அடியில் போய்விடும். எனக்கு என் பெயர் இங்கே வேண்டும். தாஸ் சாருக்காக நின்றவன் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாக ஆசைப்பட்டிருக்கிறேன். பஸ்ஸில் அந்த மனிதரிடம் சொல்ல முடியாததை இங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் புதிதாகக் காமிரா வாங்கியவர் இங்கேதான் வந்து கேட்கிறார். படித்தால் நான் யாரென்று பழையவர்களுக்குத் தெரியும்; ஆனால் பெயர் சொல்லிச் சண்டைக்கு இழுக்க இங்கே ஒரு பெயர் இருக்காது. பெயரை அழித்துவிட்டேன். பெயரில்லாமலே பதிகிறேன்.