மாரீஸ்வரி அணைத்த வேலி

போலீஸ் வயர்லெஸ் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வில் வ. புதுப்பட்டிக்குத் திரும்பியவள் மாரீஸ்வரி. மழையில் கரண்ட் போனால் ஊரில் செல்போன் டவரும் படுத்துவிடும். ஓடைக்கு அக்கரையில் தோப்பு வேலைக்குப் போனவர்கள் கதி என்னவென்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே ஊர் இளவட்டங்களான பேச்சிமுத்துவையும் பானுப்பிரியாவையும் பரீட்சை எழுத வைத்து, டவர் இல்லாமலே செட்டுக்குச் செட் பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்க வைத்தாள். “கிறுக்குப் பொம்பள” என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள்.

போன ஐப்பசியில் பிளவக்கல் அணைப் பக்கம் விடாத மழை. மத்தியானமே டவர் செத்தது. அக்கரைக்குத் தோப்பு வேலைக்குப் போயிருந்த பேச்சிமுத்து செட்டில் கூப்பிட்டான். நொடிக்கொரு தரம் ஓர் இரைச்சல் அவன் பேச்சை வெட்டியது.

“பதினோரு பேரு... டக்... பாறை... டக்...”

பானுப்பிரியாவை வீட்டுச் செட்டில் உட்கார வைத்துவிட்டு, இன்னொரு செட்டை இடுப்பில் செருகி, கையில் பழைய டிரான்சிஸ்டரோடு மழையில் இறங்கினாள் மாரீஸ்வரி. டிரான்சிஸ்டரில் ‘டக் டக்’ எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தாள். அது விஜயபாண்டியின் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டது. பன்றிக்குப் போட்ட, பேட்டரியில் ஓடும் மின்வேலிக் கம்பி அறுந்து, நனைந்த உடைமரத்தில் பட்டுப் பொறி தட்டிக்கொண்டிருந்தது. விஜயபாண்டி குடையோடு வரப்பில் நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, வேலிய அணைங்க. அக்கரையில ஆளுக மாட்டிக்கிட்டாக. இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

“பன்னி வந்து தென்னங்கன்ன நோண்டுனா நீயா காவ காப்ப?”

“பகல்ல எந்தப் பன்னி வருது?”

“என் தோட்டத்துல கால வச்சுப் பாரு!”

வைத்தாள். மோட்டார் ரூமுக்குள் போய் வேலிச் சுவிட்சைத் தட்டிவிட்டு, வாசலை மறித்து நின்றாள். “போலீஸக் கூப்பிடுதேன்!” என்று அவர் கத்தினார்.

“டவர் இல்ல அண்ணாச்சி. வேணும்னா என் செட்டுல கூப்பிடுங்க.”

இரைச்சல் நின்றிருந்தது. பேச்சிமுத்துவின் குரல் சுத்தமாக வந்தது: “அக்கா, கெழக்குப் பாறை மேல நிக்கோம். தண்ணி ஏறுது. கயித்தோட வடக்க சுத்தி வரச் சொல்லுங்க.” பானுப்பிரியாவும் அதைக் கேட்டு, வெள்ளத்துக்காக வந்து தெருவில் நின்ற தீயணைப்பு வண்டிக்கு ஓடினாள். பொழுது சாயுமுன் பதினோரு பேரும் கரையேறினார்கள்.

மழை விட்டதும் மம்சாபுரம் ஊரிலும் இன்னொரு செட் வைத்தாள். ஓர் அலைவரிசையில் இரைச்சல் வந்தால் எல்லாரும் எதற்கு மாறுவது என்றும் பழக்கினாள்.

அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அத்துமீறி நுழைந்ததாக விஜயபாண்டி புகார் கொடுத்திருந்தார்.

“ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. அவிய பெரிய ஆளு” என்றார் எஸ்.ஐ.

மாரீஸ்வரி தாளை வாங்கி நிதானமாக எழுதினாள்: ‘சுவிட்சை அணைத்தது நான்தான். அந்தக் கம்பி மறுபடி அறுந்து கிடந்தால் மறுபடியும் அணைப்பேன்.’

கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தாள்.