விளக்கின் மேல் ஒரு பொட்டு

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், அப்டேட் முப்பத்தைந்து சதவீதம் என்று காட்டியபடி இரண்டு நாள் அசையாமல் நின்றது. செத்துவிட்டதென்று இரண்டு முறை பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். என் மனைவியின் படங்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்த மெக்கானிக் ஒல்லியான மனிதர். திரையை அவர் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு. மினுக்கு லைட்டப் பாக்கலியா?"

"லைட்டே எரியலீங்க."

முன்பக்கத்தைத் தடவியவர் சிரித்துவிட்டார். ஆயுத பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு, சரியாக அந்தச் சின்ன விளக்கின் மேல் காய்ந்திருந்தது. சுரண்டுவதற்கு நகத்தை வைத்தார்.

"வேணாங்க," என்றேன். "அவ வெச்சது. பொங்கலுக்கு அவ உயிரோட இல்ல."

விரலை எடுத்துக்கொண்டார்.

"சரி சார், காதாலயே பாத்துக்கறேன். இனிமே புடுங்காதீங்க. வைரஸவிட நம்ம அவசரந்தான் ஜாஸ்தி மெஷினக் கொல்லுது."

மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை, காதை வைப்பதும் எடுப்பதுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்டேட் முடிந்து அவள் முகம் திரையில் வந்தபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியின் தூசி அவர் காதெல்லாம் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் நான் திரைக்குத் திரும்பியிருந்தேன்.