மீசைக்குப் பின்னால் பட்டம்மாள்

பட்டம்மாள் கரண்டிக் காம்பால் சைக்கிள் சட்டத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்பாள். 'ணங்' என்றால் சரி. 'டப்' என்றால் எங்கோ விரிசல். "இன்னாத்துக்கு மறைக்கிற? எங்க நோவுதுன்னு சொல்லு," என்று இரும்பையே அதட்டுவாள்.

ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில், முறிந்த சட்டங்களுக்குப் பித்தளையை உருக்கி ஒட்டுப் போடுபவள் அவள்தான். வாசலில் உட்கார்ந்திருப்பவனோ அவள் புருஷன் வரதன். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப்போட்ட, நெருப்பைப் பீய்ச்சும் அவளுடைய ஊதுவிளக்கு 'புஸ்' என்றாலே இரண்டடி தள்ளிப் போவான். ஆனால் மீசை பெரிது. வருகிறவர்கள் அந்த மீசையை நம்பித்தான் சைக்கிளை விட்டுப் போகிறார்கள். "நீ சும்மா குந்திகினு இருமினா போதும்யா, மத்தத நான் பாத்துக்கறேன்," என்பது பட்டம்மாளின் ஏற்பாடு. சாக்குத் திரைக்குப் பின்னால் விளக்கு சீறும். முன்னால் வரதன் இருமுவான்.

மிளகாய் மண்டி தங்கப்பாண்டியால் வந்தது வம்பு. "பொம்பளை கை படப்பிடாது, வரதா. நீயே செய்யணும் பாத்துக்கோ," என்று சொல்லிச் சைக்கிளைக் கொடுத்தவர் அவர். அந்த ஒட்டு ஆறு மாதம் மூட்டை சுமந்தும் அசையவில்லை. அதில் சொக்கிப் போனவர், சரக்கு வண்டியின் இரும்புச் சட்டம் முறிந்த அன்று தாமே வந்து நின்றார். "மண்டி வாசல்லயே வந்து ஒட்டு. உன் கைவேலைய நாலு பேரு பாக்கட்டும்."

வரதனுக்கு மீசை வரை வியர்த்தது. "நான் செத்தேன்டி," என்று திரைக்குள் வந்து முனகினான்.

"நட. நானும் வர்றேன்," என்றாள் அவள்.

மண்டி வாசலில் கூட்டம். வரதன் விளக்கைத் தூக்கினான், அது சீறியது. "ஐயோ, கண்ணுல பொறி பட்டுட்ச்சி!" என்று அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த மூட்டைமேல் கையூன்றிச் சாய்ந்து, அதே கையால் கண்ணைக் கசக்கினான். மிளகாய் மூட்டை. பொய்யாக அலறியவன் நிஜமாகவே அலறத் தொடங்கினான்.

"மதியத்துக்குள்ள சரக்கு துறைமுகம் போவணுமே!" என்று பதறினார் தங்கப்பாண்டி.

பட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் வோணா கை வெக்கட்டா அண்ணாச்சி? பொம்பள கை ஆவாதுன்னா வுட்டுடறேன்."

அவர் வண்டியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "செய்யி தாயி."

அரத்தால் தேய்த்து, பித்தளை பிடிக்க வெண்காரத்தைக் குழைத்துப் பூசி, சுடரைப் பிடித்தாள். இரும்பு பழுத்துச் சிவந்ததும் பித்தளைக் கம்பியால் தொட்டாள். அது தேனாக இளகி, விரிசலைச் சுற்றி ஓடி அடைத்துக்கொண்டது. ஆறியதும் மூட்டைகள் ஏறின. வண்டி முனகாமல் நகர்ந்தது.

தங்கப்பாண்டி உள்ளே போய்த் தம் சைக்கிளில் இருந்த பழைய ஒட்டைத் தடவிப் பார்த்தார். சற்று முன் பார்த்த அதே வழவழப்பு. வெளியே வந்து வரதனை முறைத்தார். வரதன் கண்ணைப் பொத்தியபடி இருமினான்.

அவர் ஒரு கோலி சோடாவை வாங்கி உடைத்து, மீசையைத் தாண்டி நடந்துபோய், பட்டம்மாளிடம் நீட்டினார். அவள் பாதியைக் குடித்தாள். மீதியை உள்ளங்கையில் ஊற்றி, புருஷனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அவன் கண்ணைக் கழுவிவிட்டாள்.