நாலு மூலை இல்லாத துணி

கல்யாணத்துக்கென்று நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்குத்தான். அது புடவையுமில்லை, நகையுமில்லை. முகம் தெரியாத யாரோ ஒருத்திக்காக அளவெடுத்துத் தைத்த ஒரு பழைய கவுன். நன்னிலம் பக்கத்தில் நெல்லும் உளுந்தும் விளைகிற வீட்டில் பிறந்தவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். போனிலிருந்துதான் வந்தது, வேறெங்கிருந்து வரும்?

தஞ்சாவூரில் வேலை பார்த்த நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் படங்கள்தான். எந்தக் காலத்திலோ பேர் பெற்ற டிசைனர்கள் தைத்த கல்யாண கவுன்கள், விருந்துக்குப் போட்டுப்போகும் நீள கவுன்கள். தயிர்சாதம் காய்ந்து போகிற வரைக்கும் ஒரு கழுத்து வெட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் இப்போது ரிசப்ஷனுக்குக் கவுன் போடாத பெண் அரிது. வாடகைக்கே கிடைக்கிறது. நானும் நாலு கடை ஏறி இறங்கினேன். வலைத்துணி முறுக்கு மாதிரி விறைத்து நின்றது. முதுகில் நாடாவை இழுத்துக் கட்டினால் ஒல்லிக்கும் சரி, குண்டுக்கும் சரி. ஒன்றில் போன முகூர்த்தத்துப் பெண்ணின் பவுடர் அப்படியே அக்குளில் ஒட்டியிருந்தது. “வாஷ் பண்ணிக் குடுத்துருவோம் மேடம்” என்றாள் கடைப்பெண். நான் கவுனைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கல்லூரித் தோழி ஒருத்தி நாகூர் பக்கத்துக்காரி. அவளிடம் புலம்பியபோதுதான் அவள் வீட்டு பீரோவில் ஒரு கவுன் இருப்பது தெரிந்தது. அவளுடைய அப்பா, அவள் அத்தா என்று கூப்பிடுகிறவர், வளைகுடாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் விட்டுப்போன உடுப்புகளும் அங்கே விற்பனைக்கு வருமாம். அதில் ஒன்றைத் தன் மனைவிக்கென்று கொண்டுவந்திருக்கிறார். அவளுடைய அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி அதை ஒரே ஒரு தடவை, பெண்கள் மட்டும் கூடியிருந்த ஒரு விருந்தில் போட்டிருந்தார்.

பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்ததை மாமி என் மடியில் பிரித்தார். பாலாடை நிறத்தில் சாட்டின். நான் முதலில் பார்த்தது உள்பக்கத்தைத்தான். யாரும் பார்க்கப்போகாத அந்த உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தைப் போலவே தைத்திருந்தார்கள். கையிலேயே கோத்த கண்ணாடி மணிகளில் ஒன்றுகூட உதிரவில்லை. போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே தைத்ததுபோல் இடுப்பில் வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடியில் தெரிந்தவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“எம்மவளுக்கு இதுல இஷ்டமில்ல. நீயாச்சும் போட்டுக்கம்மா. பத்திரமாக் கொண்டாந்து குடுத்துடு” என்றார் மாமி.

வீட்டில் அம்மாவுக்குக் கவுனில் எந்தக் கோபமும் இல்லை. அது பழசு என்பதுதான் உறுத்தியது. “நல்ல காரியத்துக்கு அடுத்தவங்க உடுத்துனதையா போடுவாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஆனால் கேட்க முடியாதபடி வைத்திருந்தது யார்?

எங்கள் வீட்டில் எந்தப் புதுத்துணியும் மஞ்சள் படாமல் உடம்பில் ஏறாது. ரிசப்ஷன் அன்று காலை, கல்யாணத் துணி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, குழைத்த மஞ்சளை மூலைக்கு மூலை தொட்டு வைத்திருக்கிறாள் அம்மா. கவுனுக்கும் மஞ்சள் வைத்துவிட்டால் அது மகளுடைய துணியாகிவிடும், தோஷமெல்லாம் போய்விடும் என்பது அவள் கணக்கு. கவுனுக்கு ஏது மூலை? தேடிப் பார்த்துவிட்டு அடிவிளிம்பில் நாலு பக்கமும் நாலு பொட்டு வைத்துவிட்டாள். பட்டுப்புடவையில் கண்ணுக்கே தெரியாத மஞ்சள், அந்த வெள்ளையில் பளிச்சென்று எழுந்திருக்கிறது. பயந்துபோய் சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறாள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து எத்தனையோ முறை சிவக்க வைத்தவள்தான். சோப்பும் அதையேதான் செய்யும் என்பது பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. மஞ்சள் ரத்தச் சிவப்பாகி, உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிட்டது.

மண்டபத்து அறையில் அலங்காரம் செய்ய வந்த பெண் கவுனை விரித்தபோதுதான் நான் பார்த்தேன். அறை நிறைய உறவுக்காரப் பெண்கள். அம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

“மஞ்சதாம்மா வெச்சேன். சோப்பு போட்டதும் இப்புடி ஆயிடுச்சு” என்றாள்.

“உன்னை யாரு தொடச் சொன்னது? எல்லாத்துலயும் உன் பட்டிக்காட்டுப் புத்தியக் காட்டணுமா? நீ என் கல்யாணத்துக்கு வராமலே இருந்திருக்கலாம்” என்றேன்.

சொல்லும்போதே தெரிந்தது, இது திரும்ப அள்ள முடியாத சொல் என்று. ஆனாலும் நிறுத்தவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். ஒரு சித்தி என் கையைப் பிடித்தாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பந்தியைப் பார்க்கப் போனாள்.

கவுனைப் போட்டுக்கொண்டேன். மேடையின் முன்னால் பூச்சட்டிகளை வரிசையாக வைத்து விளிம்பை மறைத்தார்கள். எல்லோரும் அழகு என்றார்கள். ரிசப்ஷன் படங்கள் எதிலும் அம்மா இல்லை. கூப்பிட்டதற்கு, பந்தியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம்.

கல்யாணம் முடிந்து தஞ்சாவூரில் குடித்தனம் வைத்தேன். அம்மா போன் செய்தால் கணவரிடம் கொடுத்துவிடுவேன். முதலில் அது கோபம்தான். போகப்போக வெட்கம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். கவுனை டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோனேன். “வெறும் மஞ்சள்னா வெயில்லயே மங்கியிருக்கும். சோப்பு போட்டுத் தேச்சுட்டீங்களே” என்றார் கடைக்காரர். மொட்டைமாடியில் நாள் கணக்கில் காயவைத்தேன். சிவப்பு போனது. பழுப்பாக நாலு கறைகள் நின்றுவிட்டன.

கல்யாணமாகி நாற்பது நாள் இருக்கும். இனியும் சாக்குச் சொல்ல முடியாமல் கவுனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். அம்மா மேல் பழியைப் போடுவதா, தைரியமாக நானே ஏற்றுக்கொள்வதா? உண்மையைச் சொல்கிறேன், முதலாவதைத்தான் அதிகம் ஒத்திகை பார்த்தேன்.

மாமி கவுனைப் பிரித்தார். விளிம்பை நேராகக் கையில் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “தெரியும்மா. உங்கம்மா வந்துட்டுப் போனாங்க” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருவாரூர் தாண்டித் தனியாக எங்கேயும் போகாதவள் அம்மா.

“ரெண்டு வாரம் இருக்கும். பை நெறைய புது உளுந்து தூக்கிக்கிட்டு, வழி கேட்டுக் கேட்டு வந்தாங்க. தப்பு எம்மேலதான், புள்ள மேல கோவப்படாதீங்கன்னாங்க.” மாமி கறையை விரலால் நீவினார். “துணிதானேன்னு சொல்ல மாட்டேம்மா. அவரு குடுத்தது. எனக்கு வருத்தந்தான். ஆனா அவங்க நின்ன நெலையப் பாத்துட்டு என்னத்தச் சொல்ல?”

நான் கவுன் சுற்றி வந்த துணியை மடித்துவைத்தேன்.

“எந்திரிச்சுப் போறப்ப ஒண்ணு கேட்டாங்க. எம்பொண்ணு எங்கூடப் பேச மாட்டேங்குறா, நீங்க துவா செய்யுங்கன்னாங்க. நானும் அஞ்சு வேளையும் கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்.”

மாமி கொடுத்த டீயைக் குடித்தேனா என்று ஞாபகமில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்து போனை எடுத்தேன். முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். நான் அங்கே போயிருப்பதை என் கணவர் சொல்லியிருக்கிறார். நான் பேசுவதற்குள் அவளே பதறிக்கொண்டு கேட்டாள்:

“அவங்க ஒன்ன ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லம்மா” என்றேன். நாற்பது நாளில் அவளை அம்மா என்று கூப்பிட்டது அப்போதுதான். மன்னிப்பு கேட்கத்தான் போன் செய்தேன். இன்றுவரை கேட்கவில்லை.