நெல்லி மரத்தடியில் மறைத்த ஊசி டப்பா

மூன்று வருடங்களுக்கு முன்பு, தெலுங்குக்காரர்களுக்குக் கார்த்திகை பிறந்து நமக்கு இன்னும் ஐப்பசி முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மல்காஜ்கிரி காலனிப் பெண்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து, மேதக் போகும் வழியில் இருக்கும் காட்டுக்கு வனபோஜனம் போனோம். அந்த மாதத்தில் நெல்லி மரத்தடியில் பூஜை செய்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த நாளிலிருந்து நானும் விடாமல் போகிறேன். நான் போவது பூஜைக்கு இல்லை, அங்கே போடும் கத்தரிக்காய் கறிக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாதி உண்மைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் பிஸ்கட் நீட்டினால், முதலில் அவர் சாப்பிடட்டும் என்று காத்திருப்பேன். "உன்னைய விட்டா சாமியவே எந்திரிக்கச் சொல்லி அடியில என்ன இருக்குன்னு பாப்ப" என்பார் வீட்டுக்காரர்.

நான் எங்கே போனாலும் கைப்பையில் ஒரு பழைய பெருங்காயத் தகர டப்பா கூடவே வரும். அதுதான் என் ஊசி டப்பா. நாலைந்து நிறத்தில் நூல், பித்தான்கள், கொக்கிகள், நூலில் தேய்க்க ஒரு துண்டு மெழுகு, கம்பளி தைக்கிற அளவுக்குப் பெரிய கோணி ஊசி ஒன்று. ஊசிகளைக் குத்தி வைக்க, சிவப்புத் துணியில் நானே தைத்த உள்ளங்கை அளவு தலையணை. அதற்குள் அடைத்திருப்பது பஞ்சு இல்லை, சீப்பில் சுற்றிக்கொண்டு வரும் என் தலைமுடி. முடியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஊசி துருப்பிடிக்காது. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

அன்றும் டப்பாவுக்கு வேலை வந்தது. ஒருத்திக்கு ஜாக்கெட் கொக்கி பிய்ந்தது, பந்தலுக்குக் கட்டிய துணி கிழிந்தது. எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தேன். சாப்பாடு முடிந்ததும் கயிறு இழுக்கும் போட்டி என்றார்கள். பூஜைக்காகப் போட்டு வந்த தங்க வளையல்களைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டேன். பெருங்காய டப்பாவை எவர் திருடப் போகிறார்கள்?

அப்போதுதான் அந்த அம்மாவைக் கவனித்தேன். என் வயதுதான் இருக்கும். தோளில் கறுப்புக் கம்பளி, கையில் நீளக் கழி, சுற்றிலும் ஆடுகள். மற்ற யாரையும் பார்க்கவில்லை, என்னையும் டப்பாவையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவரும் நகர்ந்து வந்து பார்த்தார். வளையலைப் பார்த்துவிட்டாள், இன்று கை வைக்காமல் போகமாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கைப்பையில் வைத்தால் அதோடு தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். ஆகவே அவர் ஆடுகள் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பூஜை செய்த நெல்லி மரத்தின் வேர் இடுக்கில் டப்பாவைச் செருகி, மண்ணையும் சருகையும் தள்ளி, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கயிறு இழுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் கூட்டம். பக்கத்துக் கிராமத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் அந்த அம்மா. டப்பா திறந்து கிடந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தொங்கா! தொங்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தெலுங்கில் திருடி என்று அர்த்தம்.

யாரும் பதறவில்லை. என் வளையல்கள் ஓர் இலைமேல் பத்திரமாக இருந்தன. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. சிவப்புத் தலையணையைக் கழியின் நுனியால் புரட்டிப் போட்டிருந்தார்கள். தையல் விட்ட இடத்தில் முடி பிதுங்கியிருந்தது. மேலெல்லாம் ஊசி. பக்கத்தில், பூஜையில் நாங்கள் விட்டுப்போன மஞ்சளும் குங்குமமும் எலுமிச்சம்பழமும்.

"இதி எவரி ஜுட்டு?" என்றார் அந்த அம்மா. யாருடைய முடி இது என்று கேட்கிறார். பின்னால் ஒருவர் "பாணாமதி" என்றார். செய்வினைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிப் பெண்களை மரத்தில் கட்டி வைத்து அடித்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வாரம்தான் அந்த அம்மாவின் இரண்டு ஆடுகள் வயிறு உப்பிச் செத்திருந்தன என்று அவர்கள் பேச்சில் புரிந்தது. ஊசி குத்திய சிவப்புத் துணியோடு இருந்த என்னை அவர் அவ்வளவு நேரமும் பார்த்தது அதனால்தான்; நான் மண்ணைத் தள்ளி மூடியதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"நா ஜுட்டே அம்மா" என்று உளறினேன், என் முடிதான், ஊசிக்காக வைத்தது என்று. உதவிக்கு எங்கள் காலனிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் பழகிய, அண்ணி முறை வைத்து நான் வதினா என்று கூப்பிடும் பெண், அந்தத் தலையணையைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள். அந்த ஓர் அடியைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

தைக்கிற சாமான் என்றால் மண்ணில் ஏன் புதைத்தாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே அவரை அவமானப்படுத்த வேண்டும். சொல்லாவிட்டால் நான் சூனியக்காரி. தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள் என் வளையலைத் திருடிவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் ஒளித்து வைத்தேன்" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த கம்பளியை எடுத்து என் மடியில் போட்டார். ஓரத்தில் ஒரு சாண் கிழிசல். "குட்டு" என்றார். தைத்துக் காட்டு என்கிறார்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். ஊசிக் காதில் நூல் நுழைய மறுத்தது. மெழுகு தேய்த்து, இரட்டை நூல் கோத்து, கோணி ஊசியால் தைத்தேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு குத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பளியில் ஆட்டு வாடையும் புகை வாடையும் அடித்தன. தைத்து முடித்து நீட்டினேன். பின்னாலிருந்து ஒருவர், "ஒத்து, ஒத்து", வேண்டாம், தொடாதே என்று அவரைத் தடுத்தார்.

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கும் பயம்தான், கண்ணில் தெரிந்தது. ஆனாலும் வாங்கி, விரித்து, எல்லோர் முன்னாலும் தலையோடு போர்த்திக்கொண்டார். கூட்டம் மெல்ல விலகியது. வளையல்களை இலையோடு எடுத்து என் கையில் வைத்தார். "நீ என்னைத் திருடி என்றாய், நான் உன்னைச் சூனியக்காரி என்று நினைத்தேன். கணக்கு சரி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, சிரிக்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் வதினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆத்திர அவசரத்துக்கு என்னிடம் ஊசி வாங்கிப் போய்க்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து கடையில் வாங்கிக்கொள்கிறாள்.

இதோடு என் சந்தேக புத்தி போய்விட்டது என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். கதவை இன்னும் இழுத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் யாராவது என்னை உற்றுப் பார்த்தால், பையை இறுக்கிப் பிடிப்பதற்கு முன்னால், இவருக்கு என்னைக் கண்டு என்ன பயமோ என்றுதான் இப்போதெல்லாம் முதலில் தோன்றுகிறது.