சத்தமே வைக்காத வெப்சைட்

எனக்கு இந்தப் பேய், ஆவி எதுலயும் நம்பிக்கை கிடையாது கேட்டியளா. பாறசாலையில வீட்டுல இருந்தே வெப்சைட் செய்து குடுக்கிறவளாக்கும் நான். ஒண்ணு ஒழுங்கா ஓடலன்னா நான் எங்கயோ தப்பா எழுதியிருக்கேன்னு அர்த்தம், தேடுனா கிடைச்சிரும். இது மட்டும் இன்னும் கிடைக்கல. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிருங்க.

அமரவிளையில ஜெபின் அப்படின்னு ஒருத்தர் புதுசா ஒரு ஆப் செய்திருந்தாரு. வேலை முடிஞ்சு கிளம்பும்போது வீட்டுக்கு மிஸ்டு கால் அடிக்கிற வழக்கம் உண்டுல்லா, ஒரு தடவை அடிச்சு நின்னா பஸ் ஏறியாச்சு, ரெண்டு தடவைன்னா நேரமாவும், காத்திருக்காம சாப்பிடுங்கன்னு. காசு செலவில்லாம சேதி போயிரும். அதையே இந்த ஆப் தானா செய்யும். நல்ல யோசனைதான், ஆனா அதை ஆளுங்க டவுன்லோட் பண்ணணுமே, அதுக்குத்தான் என்னை வெப்சைட் செய்யச் சொன்னாரு.

பேசிட்டிருக்கும்போது அவரோட அப்பா கதையைச் சொன்னாரு. அப்பாவுக்கு வெள்ளறடையில ரப்பர் கடையில வேலை. தினமும் கிளம்பும்போது மிஸ்டு கால் வரும், அம்மா சோறு எடுத்து வைப்பாங்க. ஒருநாள் எந்தக் காலும் வரல. ரோட்டைக் கடக்கும்போது லாரி இடிச்சு அங்கயே போயிட்டாரு, போனும் நொறுங்கிப்போச்சு. அம்மா சோத்தை வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்திருக்காங்க. அதுக்கப்புறம் அவங்க ராத்திரி சோறு தின்னதே இல்லையாம். காப்பி மட்டும்தான்.

நான் சட்டுன்னு சொல்லிட்டேன், இதைத்தான் முதல் பக்கத்துல போடணும்னு. மத்ததெல்லாம் எல்லா ஆப்பும் சொல்றதுதான், இந்தக் கதை இல்லன்னா சைட்டே சப்புன்னு இருக்கும். ஜெபினுக்கும் ஆசை, ஆனா அம்மா சம்மதிக்காம போட மாட்டேன்னுட்டாரு. கேட்டதுக்கு அம்மா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. "அவரு செத்ததைக் காட்டித்தான் உனக்குக் கச்சவடமும் யாவாரமும் நடக்கணுமா மக்கா?"

நேர்ல காட்டுனா மனசு மாறுவாங்கன்னு ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிட்டு ஜெபின் வீட்டுக்கு நானே போனேன். பக்கத்தோட உச்சியில ஒரு போன் படம், கீழ இறக்குனா அது ஒரு தடவை அதிரும், பக்கத்துல அப்பா கதை. அவ்வளவுதான். சத்தம் கித்தம் ஒண்ணும் வைக்கல, தானா சத்தம் போடுற சைட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அதுவும் போக, மழையில நனைஞ்சதுல இருந்து என் லேப்டாப்புல ஸ்பீக்கரே வேலை செய்யாது. சோம்பல்ல ரிப்பேருக்கும் குடுக்கல.

அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தாங்க. நான் பக்கத்தைக் கீழ இறக்குனேன். போன் படம் அதிர்ந்தது, மணி அடிச்சது. நம்புங்க, நம்பாம போங்க, பழைய பட்டன் போன்ல வருமே, அந்த மணி. நின்னுது. மறுபடியும் ஒரு தடவை அடிச்சது. அப்புறம் ஒண்ணுமில்ல.

ஜெபின் தன் போனை எடுத்துப் பாத்தாரு. என் போன் பைக்குள்ள சைலன்ட்ல கிடந்தது. அம்மா எந்தப் போனையும் பாக்கல. லேப்டாப்பையே பாத்துட்டிருந்தவங்க மெதுவா எந்திரிச்சாங்க.

"நேரமாவுமாம்," அப்படின்னாங்க. "நம்மள சாப்பிடச் சொல்லுதாரு."

உள்ள போயி தட்டுல சோறு போட்டு, மீன்கறி ஊத்திக்கிட்டு வந்து எங்க முன்னாடியே உக்காந்து தின்னாங்க. அழல. நல்லா பசிச்சவங்க மாதிரி தின்னாங்க. ஜெபின்தான் சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டு அழுதாரு. எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல, சைட்டுக்கு நான் எழுதின கோடிங்கைத் திறந்து அந்த மணி எங்கயாவது இருக்கான்னு ஒவ்வொரு வரியா தேடிட்டிருந்தேன். கை கழுவிட்டு வந்து அம்மா என் தோள்ல தட்டுனாங்க. "போட்டுக்கோ மக்கா."

போட்டாச்சு. தமிழ்லயும் மலையாளத்துலயும் சைட் ஓடிட்டுதான் இருக்கு. அம்மா இப்போ ராத்திரி சாப்பிடுறாங்கன்னு ஜெபின் சொன்னாரு, சந்தோஷமா இருந்தது. அன்னைக்கு வெளிய ஏதோ போன் அடிச்சிருக்கும், மூணு பேருமா சேந்து குழம்பிட்டோம்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன்.

போன மாசம் சைட் வழியா ஒரு மெசேஜ் வந்தது. பூவார்ல படகு ஓட்டுறவராம், எங்களை யாருன்னே தெரியாது. சைட் நல்லாருக்கு, ஆனா அந்த மணி எதுக்கு ரெண்டு தடவை அடிக்குது, அதை நிறுத்த வழி உண்டான்னு கேட்டிருந்தாரு.

நான் இன்னும் பதில் போடல. நிறுத்துறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே.